பொய் முதலில் அடைப்பது திரும்பி வரும் வழியை

அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீராள் கதையைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மனதில் தங்குவது, கணவனும் மனைவியும் அடுத்தடுத்து விழுந்து இறந்த காட்சிதான். காணியாட்சியை விற்ற பணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கதையைக் கவனமாக வாசித்தால் பணத்தை எடுத்து வைத்ததற்காக யாரும் அவர்களைக் குற்றம் சாட்டவில்லை என்பது தெரியும். "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ? அதை விற்றபின்னும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?" என்றுதான் அப்போஸ்தலரான பேதுரு கேட்கிறார். நிலம் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது. ஒரு பங்கைத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு, கொண்டுவந்ததுதான் முழுத் தொகை என்ற அந்தப் பொய் எதற்காக? விடை முந்தைய அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களில் இருக்கிறது. சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியரான பர்னபா தன் நிலத்தை விற்று, முழுப் பணத்தையும் அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்திருந்தார். சபையில் அவருக்கு எத்தகைய மதிப்பு இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. அந்தப் பெயர் அனனியாவுக்கும் வேண்டியிருந்தது என்றே நான் வாசிக்கிறேன். அதற்குரிய விலையைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. ஆக, அவர்கள் ஏமாற்றிப் பெற நினைத்தது பக்திமான்கள் என்ற பெயரை.

இந்தக் கதையில் பலரும் கடந்து போய்விடும் இடம் ஒன்று உண்டு. அனனியா இறந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துச் சப்பீராள் உள்ளே வருகிறாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பேதுரு அவளைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லவில்லை, கேள்வி கேட்கிறார்: "நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள், எனக்குச் சொல்." உண்மை அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் கேட்கிறார். "இல்லை" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அவள் சொன்னதோ, "ஆம், இவ்வளவுக்குத்தான்."

பொய்யின் ஆவிக்குரிய ஆபத்து என்று வேதாகமம் எதைக் காட்டுகிறது என்று கேட்டால், நான் இந்த ஒரு நொடியைத்தான் சுட்டுவேன். தண்டனை பிறகு வருகிறது, சில வேளை வராமலும் போகிறது. அதற்கு முன்பே ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவைத் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிற செயல்தான் பொய்.

வேதாகமம் முழுக்க இந்த மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஏதேனில் ஆதாமிடம், "நீ எங்கே இருக்கிறாய்?" காயீனிடம், "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?" குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசாவின் பெயரைச் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடுப்பும் வாங்கி ஒளித்துவிட்டு வந்து நின்ற வேலைக்காரனிடம், "கேயாசியே, எங்கேயிருந்து வந்தாய்?" கேட்கிறவர் விடை தெரியாமல் கேட்கவில்லை. தகவலுக்காகக் கேட்கும் கேள்விகளே அல்ல இவை. ஒளிந்திருப்பவன் தானாக வெளியே வருவதற்குத் தரப்படும் அவகாசம் இது. கேயாசி என்ன சொன்னான்? "உமது அடியான் எங்கும் போகவில்லை." அதற்கு எலிசா சொன்ன பதில் மனதை அறுப்பது: அந்த மனிதன் உன்னைச் சந்திக்க இரதத்திலிருந்து இறங்கி வந்தபோது என் மனம் உன்னோடு கூட வரவில்லையா? நாகமானை விட்டுப் போன குஷ்டம் கேயாசியைப் பிடித்தது. வருடக்கணக்கில் தீர்க்கதரிசியின் அருகிலேயே இருந்தவனுக்கு அந்த நெருக்கம் உதவவில்லை.

ஆதாமின் பதிலை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்கிறான். உண்மைதான். "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள்" என்கிறான். அதுவும் நடந்ததுதான். அவன் பேச்சில் பொய்யான ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் அவன் இன்னமும் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறான். முன்பு மரங்களுக்குப் பின்னால், இப்போது மனைவிக்குப் பின்னால். கிறிஸ்தவப் பார்வையில் நேர்மையின்மை என்பது தவறான தகவல் சொல்வதைவிடப் பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. உண்மைகளையே அடுக்கி அவற்றின் பின்னால் மறைந்துகொள்ள மனிதனால் முடியும்.

அந்த மறைவுக்கும் முன்னால் ஒரு பொய் இருக்கிறது. "நீங்கள் சாகவே சாவதில்லை" என்று சர்ப்பம் சொன்னது கனியைப் பற்றிய பொய்யாகத் தோன்றினாலும், அடியில் இருப்பது தேவனைப் பற்றிய பொய்: அவர் உங்களுக்கு நன்மையானதைத் தராமல் வைத்திருக்கிறார், அவர் சொல்லை நம்ப வேண்டாம். இதை மனதில் வைத்துத்தான் யோவான் 8:44இல் இயேசு பிசாசைப் பொய்க்குப் பிதா என்கிறார். அவன் பொய் பேசும்போது தன் சொந்தத்தில் எடுத்துப் பேசுகிறான் என்கிறார். மறுபக்கத்தில் தேவனைப் பற்றித் தீத்து நிருபம் "பொய்யுரையாத தேவன்" என்கிறது. 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை பொய்யையும் வஞ்சகத்தையும் பிசாசின் சொந்தக் கிரியைகள் என்றே எழுதுகிறது. அற்பப் பொய்க்கு இவ்வளவு கடுமையான வார்த்தையா என்று தோன்றலாம். ஆனால் பொய்யை அவர்கள் வெறும் விதிமீறலாகப் பார்க்கவில்லை. நான் யாருடைய பாஷையைப் பேசப் பழகுகிறேன், யாருடைய வீட்டுப் பிள்ளையாக வளர்கிறேன் என்ற கேள்வியாகப் பார்த்தார்கள்.

பத்துக் கட்டளைகளில் இதற்குரிய கட்டளை நீதிமன்றத்தில் பிறந்தது: "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இதை எட்டாவதாகவும், மற்றப் புராட்டஸ்டண்ட் சபைகளும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் ஒன்பதாவதாகவும் எண்ணுகிறார்கள். இரண்டு மூன்று சாட்சிகளின் சொல்லால் ஒருவன் உயிர் போகும் காலத்தில் வந்த கட்டளை அது. பொய்ச்சாட்சி சொன்னவன் பிறனுக்குச் செய்ய நினைத்ததையே அவனுக்குச் செய்ய வேண்டும் என்று உபாகமம் 19 சொல்கிறது. நாபோத் ஒரு திராட்சத்தோட்டத்துக்காக இரண்டு பொய்ச்சாட்சிகளால் கல்லெறியுண்டு செத்தான். இயேசுவின் விசாரணையிலும் பொய்ச்சாட்சிகள் வந்தார்கள்; அவர்கள் சொல் ஒத்துப்போகவில்லை என்று மாற்கு எழுதுகிறார். பிறன் படும் இந்தச் சேதத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். பொய் சொன்னவனுக்குள் நடக்கும் சேதத்தைப் பற்றிப் பேசுவது குறைவு.

பொய் சொன்னால் நெஞ்சு சுடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அதற்கு அடுத்த கட்டத்தைச் சொல்கிறார்: மனச்சாட்சியில் சூடுண்ட பொய்யர். சூடு பட்டுப் பட்டுத் தோல் மரத்துப்போனால் பிறகு நெருப்பு வைத்தாலும் தெரியாது. நெஞ்சு சுடும் வரைக்கும் நம்பிக்கை இருக்கிறது. சுடாமல் போகும் நாளே அஞ்ச வேண்டிய நாள். அன்று பாவம் நின்றுவிடவில்லை, பாவத்தைத் தெரியப்படுத்தும் உறுப்பு வேலை செய்யாமல் போயிருக்கிறது.

அது எவ்வளவு விரைவில் நடக்கிறது என்பதற்கு, இயேசு பிடிபட்ட இரவில் பிரதான ஆசாரியனின் அரமனை முற்றமே சாட்சி. வேலைக்காரி ஒருத்தி கேட்டபோது பேதுரு, நீ சொல்லுகிறது எனக்குத் தெரியாது என்று நழுவுகிறார். இரண்டாவது முறை, அந்த மனுஷனை நான் அறியேன் என்று ஆணையிடுகிறார். மூன்றாவது முறை சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்குகிறார். ஒரே இரவில் நழுவலிலிருந்து சாபம் வரைக்கும். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் அதைவிடப் பலமாக இருக்க வேண்டியதாகிறது, இரண்டாவதைக் காப்பாற்ற மூன்றாவது. சேவல் கூவியிருக்காவிட்டால் அது எங்கே போய் நின்றிருக்கும்?

தாவீதின் கதையில் சேவல் உடனே கூவவில்லை. பத்சேபாளிடம் செய்ததை மறைக்க அவள் கணவன் உரியாவை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தான், குடிக்க வைத்தான், கடைசியில் அவன் மரணத்துக்கான கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான். தீர்க்கதரிசி நாத்தான் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அதாவது பல மாதங்கள் கடந்துவிட்டன. அந்த மாதங்களில் தாவீது அரசாண்டான், வழக்குகளைத் தீர்த்தான், ஆராதனையிலும் இருந்திருப்பான். நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னதும் அவனுக்கு வந்த கோபம் போலியல்ல. நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திரும்பச் செலுத்த வேண்டும், அவன் சாக வேண்டும் என்று கொதித்தான். பிறன் பாவத்தை நிறுக்கும் தராசு துல்லியமாக இருக்கிறது. தன் பாவத்தை மட்டும் அந்தத் தராசில் வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. நேர்மை கெட்ட மனதிலும் நியாய உணர்ச்சி சாவதில்லை. அது வெளியே மட்டும் பாய்கிறது. அடுத்தவர் பொய்யைக் கண்டு அளவுக்கு மீறிக் கொதிப்பவர்கள் ஒரு கணம் நின்று யோசிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இதைத்தான் யோவான் தம் முதல் நிருபத்தில், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம், சத்தியம் நமக்குள் இராது என்கிறார். பிறரை ஏமாற்றத் தொடங்கியவன் தன்னை ஏமாற்றுவதில் போய் முடிகிறான். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதில், கெட்டுப்போகிறவர்கள் சத்தியத்தின்மேலுள்ள அன்பை அங்கிகரியாமற்போனவர்கள் என்கிறார். சத்தியம் தெரியாதவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அன்பு போய்விட்டால் அறிவு மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

இன்னொரு சேதமும் உண்டு, இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சொல்லும் எண்ணமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பேசிப் பழகியவன், எல்லாருடைய பேச்சும் அப்படித்தான் என்று நினைக்கத் தொடங்குகிறான். 6ஆம் நூற்றாண்டில் காசா பகுதியில் மடத்தலைவராக இருந்த தொரொத்தேயு, பொய்யை மனதால் சொல்லும் பொய், வாயால் சொல்லும் பொய், வாழ்க்கையால் சொல்லும் பொய் என்று மூன்றாகப் பிரித்தார். மனதால் சொல்லும் பொய் என்று அவர் குறித்தது சந்தேகத்தை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடும் மனம். இந்தச் சந்தேகம் மனிதரோடு நிற்பதில்லை. 50ஆம் சங்கீதத்தில், நாவினால் சற்பனை (வஞ்சகம்) பிணைக்கிறவனைப் பார்த்து தேவன் சொல்கிறார்: நான் மவுனமாயிருந்தேன், "உன்னைப்போல் நானும் இருப்பேன் என்று நினைவுகொண்டாய்." பொய்யனுக்குத் தேவனும் பொய்யராகத் தெரிகிறார். பாவம் மன்னிக்கப்பட்டது என்ற வாக்கை அவன் வாசிக்கிறான், பிரசங்கத்தில் கேட்கிறான், ஆனால் சொன்னதைச் செய்கிற ஒருவர் இருக்க முடியும் என்பதே அவனுக்குள் இறங்குவதில்லை. விசுவாசம் என்பதே ஒருவர் சொல்லை நம்புவதாயிருக்க, இது எவ்வளவு பெரிய இழப்பு!

சபைக்குள் நடமாடும் பொய்கள் இதனால்தான் வெளியே நடப்பவற்றைவிடப் பயங்கரமானவை. சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் ஒருவர், சாதாரணக் காய்ச்சலிலிருந்து சுகமானதை மரண வாசல் வரை போய் வந்ததாகச் சொல்கிறார். கேட்பவர்கள் அல்லேலூயா என்கிறார்கள். தேவனுக்கு மகிமைதானே என்று அவரும் சமாதானம் அடைகிறார். "உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்று விடைபெறும்போது சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறோம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டு ரகசியத்தைப் பரப்புகிறோம். இவற்றுக்கெல்லாம் உச்சம், தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள "கர்த்தர் என்னோடு பேசினார்" என்பது. தங்கள் சொந்த நாவின் சொல்லை வழங்கிவிட்டு அவர் அதை உரைத்தார் என்று சொல்லுகிறவர்களுக்கு நான் விரோதி என்று எரேமியா 23இல் கர்த்தர் சொல்கிறார். திருடனும் திருட்டை மறைக்கப் பொய் சொல்கிறான். ஆனால் அவன் அதற்குத் தேவனைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

எல்லாப் பொய்யும் ஒன்றா? ஒருவர் உயிரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யும் பாவமா? இந்தக் கேள்வியில் திருச்சபை ஒருபோதும் ஒரே குரலில் பேசியதில்லை. எகிப்தில் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் உண்மை சொல்லவில்லை. தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். எரிகோவின் ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவிட்டு அவர்கள் போய்விட்டதாகச் சொன்னாள்; எபிரெயர் நிருபத்தில் விசுவாச வீரர்களோடு அவள் பெயர் இருக்கிறது. பழைய திருச்சபையின் ஆசிரியர்களான கிறிசோஸ்தமும் கசியானும் சில இக்கட்டுகளில் பொய்க்கு இடம் கொடுத்தார்கள். அகுஸ்தீன் இடமே கொடுக்கவில்லை. பொய்யைப் பற்றி ஏறக்குறைய 395இலும் 420இலும் இரண்டு தனி நூல்கள் எழுதினார்; முதலாவதில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து எட்டையும் மறுத்தார். இரண்டாவது எழுந்த சூழல் சுவையானது. ஸ்பெயினில், திருச்சபை தவறான போதகன் என்று விலக்கிய பிரிசில்லியனைப் பின்பற்றியவர்கள் தங்கள் கொள்கையைப் பொய் சொல்லி மறைத்துவந்தார்கள். அவர்களைப் பிடிக்க நாமும் அவர்களைப் போலவே நடித்து உள்ளே நுழையலாமா என்று கேட்கப்பட்டது. கூடாது என்றார் அகுஸ்தீன். சத்தியத்துக்காகப் பொய் சொன்னவன் நாளை சத்தியத்தைச் சொல்லும்போது எப்படி நம்புவார்கள் என்பது அவர் வாதம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வேடிக்கைக்கான பொய், உதவிக்கான பொய், கேடு செய்யும் பொய் என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றும் பாவமே, ஆனால் எடை வேறு என்றார்.

தப்பித்துக்கொள்ளும் நுட்பங்களும் வளர்ந்தன. "நான் அதைச் செய்யவில்லை" என்று வாயால் சொல்லி, "இன்றைக்கு" என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டால் அது பொய்யாகாது என்று வாதிட்ட நெறியாளர்கள் இருந்தார்கள். 1679இல் போப் பதினோராம் இன்னசென்ட் அத்தகைய கருத்துகளைக் கண்டித்தார். கண்டனத்தோடு அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டதா என்றால், நம் ஒவ்வொருவர் பேச்சிலும் அது உயிரோடுதான் இருக்கிறது.

இந்த விவாதத்தில் நான் மிகவும் மதிப்பது, நாஜிகளை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1943இல் சிறையிலிருந்து எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டதை. தன் தோழர்களைக் காப்பதற்காக விசாரணை அதிகாரிகளிடம் உண்மையை மறைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் காட்டும் உதாரணம் இது: உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வருகிறாரா என்று வகுப்பு முழுவதற்கும் முன்பாக ஆசிரியர் ஒரு சிறுவனைக் கேட்கிறார். உண்மையாயிருந்தும் சிறுவன் இல்லை என்கிறான். குற்றம் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமையில்லாத ஆசிரியருடையது என்கிறார் போன்ஹோஃபர். இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் நம் பொய்களில் எத்தனை அந்தச் சிறுவனுடையவை? தேடப்படும் ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்து வாசலில் நின்று பொய் சொல்ல வேண்டிய நிலை நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வருவதில்லை. நாம் ஒளித்து வைப்பது நம்மைத்தான். ராகாபின் பெயரை அந்தப் பொய்களுக்குக் கேடயமாகப் பிடிப்பது நியாயமில்லை.

யாக்கோபின் கதை அந்த வகையில் முழுமையானது. கண் மங்கிய தகப்பன் "நீ யார், என் மகனே" என்று கேட்டபோது, "நான் உமது மூத்த மகனாகிய ஏசா" என்றான். வேட்டை இத்தனை சீக்கிரம் எப்படி அகப்பட்டது என்று கேட்டதற்கு, உம்முடைய தேவனாகிய கர்த்தர் நேரிடப்பண்ணினார் என்று அவரையும் பொய்யில் இழுத்துவிட்டான். வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலைப் போர்த்தித் தகப்பனை ஏமாற்றியவனைப் பிற்காலத்தில் அவன் பிள்ளைகள் வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் காட்டி ஏமாற்றினார்கள். இடையில் தாய்மாமன் லாபானிடம் 20 ஆண்டு. மணந்தது ராகேலை என்று நினைத்தவனுக்கு விடிந்தபோது அவள் அக்காள் லேயாள். ஏமாற்றிப் பெற்ற ஆசீர்வாதம் கையில் இருந்தும் ஓடிக்கொண்டே இருந்தான். அந்த ஆசீர்வாதம் ஏசாவின் பெயரில் வாங்கியது. யாக்கோபுக்கு அது எப்படி ஒட்டும்? யாப்போக்கு ஆற்றின் துறையில், விடியுமுன், பழைய கேள்வி திரும்ப வருகிறது: "உன் பேர் என்ன?" இந்த முறை அவன் "யாக்கோபு" என்கிறான். அவ்வளவுதான். அதன் பிறகே அவனுடைய சொந்தப் பெயருக்கு ஆசீர்வாதம் கிடைக்கிறது.

கிருபையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதெல்லாம் இங்கே வந்து சேர்கிறது. தேவன் பாவியை மன்னிக்கிறார். நாம் பாவனை செய்யும் நல்ல மனிதன் ஒருவன் இருக்கிறானே, அவனை அவர் மன்னிக்க முடியாது, அப்படி ஒருவன் இல்லவே இல்லை. அந்த முகமூடிக்குக் கிடைக்கும் பாராட்டும் அன்பும்கூட உள்ளே இருப்பவனை எட்டுவதில்லை; தெரிந்தால் வெறுப்பார்கள் என்ற பயம்தான் வளர்கிறது. ஆனால் கதவைத் திறக்கப் பெரிய வீரம் தேவையில்லை என்பதையும் சுவிசேஷம் காட்டுகிறது. சமாரியப் பெண் கிணற்றடியில் "எனக்குப் புருஷன் இல்லை" என்றபோது பாதியைத்தான் சொன்னாள், மீதியை மறைத்தாள். இயேசு மறைத்ததைப் பிடித்து அவளைப் பொய்க்காரி என்னவில்லை. சொன்ன பாதியைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதான்" என்று தொடங்கி, மீதியைத் தாமே சொல்லி, "இதை உள்ளபடி சொன்னாய்" என்று முடித்தார். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் கடற்கரையில் மூன்று முறை கேட்டார்: என்னை நேசிக்கிறாயா? சப்பீராளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் இதே பேதுருதான். கேள்விக்கு முன்னால் பொய் சொல்லி விழுந்து, கேள்வியாலேயே எழுப்பப்பட்ட ஒருவர் அவளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தார் என்பதை எண்ணும்போது அவளுடைய பதில் இன்னும் வேதனையாகிறது.

திரும்பி வருவது எப்படி என்பதில் வேதாகமம் மிகவும் நடைமுறையாகப் பேசுகிறது. லேவியராகமம் 6இன் தொடக்கத்தில், தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளைப் பற்றிப் பொய் சொன்னவன், கண்டெடுத்ததை மறுத்தவன், பொய்யாணை இட்டவன் ஆகியோருக்கான சட்டம் இருக்கிறது. முதலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உடையவனுக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் குற்றநிவாரண பலி செலுத்தும் அதே நாளில். பலிபீடத்துக்குப் போய்விட்டு மனிதனிடம் போகாமல் இருக்க வழியில்லை. வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவேன் என்று சொன்னபோது சட்டம் கேட்டதற்கு மேலேயே போனான், யாரும் அவனைக் கேட்காமலே.

பணம் அல்லாத பொய்களில் இது கடினம். ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், எந்தக் காதுகளில் அதைப் போட்டோமோ அதே காதுகளில் போய் அதைத் திருத்த வேண்டும். கத்தோலிக்க மறைக்கல்வியும் சத்தியத்துக்கு எதிரான குற்றத்துக்கு ஈடு செய்யும் கடமை உண்டு என்று சொல்கிறது. அறிக்கை செய்யும்போது சூழ்நிலையை விளக்கத் தொடங்கினால் அது ஆதாமின் பதிலாக மாறிவிடும். "நான் சொன்னது பொய், நடந்தது இது" என்பதோடு நிறுத்துவது நல்லது. கேட்டவர் உடனே மன்னிக்காமல் போகலாம், மறுபடி நம்ப நாளாகலாம். அந்த நாள்களை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நான்தான் ஒத்துக்கொண்டேனே என்று அவரை அவசரப்படுத்தும் உரிமை பொய் சொன்னவருக்கு இல்லை.